ராகுகாலத்துக்குப் பதினொரு நிமிடம் இருந்தபோது

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து பத்தொன்பதுக்கு என் கைக்கடிகாரம் பத்து முப்பத்தொன்று காட்டியது. நான் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, பொதுமக்கள் காதில் விழும்படி அறிவித்தும் விட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் செய்த மற்ற தவறுகளுக்கெல்லாம் எங்காவது ஒரு கோப்பு இருக்கும். இதற்கு இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பதிவுத்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவன் நான். பணியின் கடைசி ஆண்டுகள் அறந்தாங்கிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கழிந்தன. எந்த ஊர் என்பது வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

1. பைத்தியம் பிடித்த விதம்

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் பத்து ஐந்து காட்டியது. கண்காணிப்பாளர் வருகைப் பதிவேட்டை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பத்தேகால் ஆச்சு. லேட்டு."

"சார், அதுல பத்து அஞ்சுதானே?"

"அது கவர்மெண்டு கடியாரம். அது ஓடுனா ஓடும், நின்னா நிக்கும். டைம் இங்கிட்டு இருக்கு." தன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்.

மூன்று தாமதத்துக்கு அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும் என்ற விதியை அன்றே கற்றேன். முதல் சம்பளத்தில் கடிகாரம் வாங்கினேன்.

அப்போதெல்லாம் ஆவணம் தாக்கலான நாளையும் நேரத்தையும் கையால்தான் எழுத வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு பத்திரம் வந்தால், எது முன்னால் வந்தது என்று வக்கீல்கள் பின்னாளில் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். மற்றவர்கள் குத்துமதிப்பாக எழுதினார்கள். நான் நிமிடம் பிசகாமல் எழுதினேன். இப்படிக் கடமையில் தொடங்கியது, ஆசையாக முற்றிவிட்டது. பணியின் கடைசியில் என்னிடம் ஏழு கடிகாரங்கள் இருந்தன. கிழமைக்கு ஒன்று. எல்லாம் சாவி கொடுக்கும் ரகம். கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் எனக்குச் சரிப்படாது. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவன் கை அந்த அளவுக்கு அசைவதில்லை.

"ஒங்களுக்குக் கை ரெண்டுதான இருக்கு?" என்று என் மனைவி கேட்பாள்.

"புடவை எத்தனை இருக்கு?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் கேட்டதில்லை.

காலையில் எழுந்ததும் அன்றைய கடிகாரத்தின் சாவித் திருகை விரல் நுனியில் பிடித்து மெல்லத் திருப்புவேன். முதலில் தளர்வாக இருக்கும். பிறகு இறுகும். இதற்கு மேல் வேண்டாம் என்று அதுவே சொல்லும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அலுவலகத்தில் எனக்குக் கிடைக்காத சுகம் இது. அங்கே போதும் என்று எதுவும் சொல்லாது.

2. அசையும் சொத்து

அந்த ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளிக்கிழமைக் கடிகாரம். திருச்சியில் ஒரு பழைய கடிகாரக் கடையில் வாங்கியது. பாலாடை நிற டயல், நீல முட்கள், ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அரசு ஊழியர் வாங்கும் அசையும் சொத்து குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இது தாண்டவில்லை. இருந்தாலும் தெரிவித்தேன். விதி தெரிந்தவனுக்கு வருகிற நோய் அது.

நாற்பது நாள் கழித்து ஒரு குறிப்பாணை வந்தது. மேற்படி கடிகாரத்தின் தேவை குறித்து விளக்கம் அளிக்குமாறு கோரப்பட்டிருந்தது. "நேரம் பார்ப்பதற்கு" என்று பதில் எழுதினேன். ஏற்கெனவே கடிகாரம் உள்ளதா என்று அடுத்த குறிப்பாணை கேட்டது. "ஆறு உள்ளன" என்றேன். அதன் பிறகு எதுவும் வரவில்லை. என் உடல்நலம் பற்றி மாவட்ட அலுவலகத்தில் விசாரித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

3. அந்த வெள்ளிக்கிழமை

பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ராகுகாலம் என்பது சட்டத்தில் இல்லாத ஒரு சட்டப்பிரிவு. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. டோக்கனை ஆன்லைனில் போட்டு, ஆதாரைச் சரிபார்த்து, இந்தக் காலத்துக்கு உரிய எல்லாவற்றையும் செய்துவிட்டு வருகிறவர்கள், பத்தரை ஆனதும் பேனாவை மூடிவிடுவார்கள். நாங்களும் இதை மனதில் வைத்தே டோக்கன்களை அழைப்போம். என் அறைக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. ஆகவே அறைக்குள் வந்தவர்களுக்கு நேரம் என்றால் என் கை. பத்திரம் எழுதுகிறவர்கள்கூட, "சார் கையில எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள்.

அன்று முதலில் வந்தவர்கள் மல்லிகா என்ற பெண்ணும் அவருடைய தம்பி செந்திலும். அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும், கூலி வேலை. தம்பிக்கு வளைகுடா நாட்டில் வேலை. அப்பா விட்டுப்போன வீடும் மனையும் இருவருக்கும் பொது. தன் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து தம்பி விடுதலைப் பத்திரம் எழுதுகிறார். பட்டா மல்லிகா ஒருவர் பெயரில் இருந்தால்தான் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அவர் பெயர் ஏறும். பட்டியல் அந்த மாதத்தோடு மூடுகிறது. பழைய வீட்டின் ஓட்டுக்கூரை முந்தைய மழையிலேயே இறங்கிவிட்டது.

செந்திலுக்கு அன்று பிற்பகல் திருச்சியிலிருந்து விமானம். பத்தே முக்காலுக்குள் கார் கிளம்ப வேண்டும். அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து. அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பலாம்தான். தூதரகத்தில் சான்று, அது இங்கே வந்த பிறகு மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை என்று அதற்கான வழி முழுவதும் எனக்கு மனப்பாடம். அந்த மாதத்துக்குள் முடியாது என்பதும் மனப்பாடம்.

அன்று சர்வர் மெதுவாகத்தான் எழுந்தது. ஆவணத்தைப் படித்து, அடையாளம் சரிபார்த்து, இனிக் கையெழுத்தும் விரல்ரேகையும்தான் பாக்கி என்ற இடத்தில் மல்லிகா கேட்டார்.

"சார், ராகுகாலம் வந்துருச்சுங்களா?"

என் கையைப் பார்த்தேன். "பத்து முப்பத்தொன்னு. வந்து ஒரு நிமிஷமாச்சும்மா."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"அக்கா, போடுக்கா. பிளைட்ட விட முடியாது" என்றார் செந்தில்.

"நம்ம அப்பா ராகுகாலத்துல ஒரு கையெழுத்துப் போட்டாருடா. கேசு ஒம்போது வருசம் நடந்துச்சு. நீ பொறக்கல அப்ப, ஒனக்குத் தெரியாது. எனக்கு வீடு இல்லாட்டியும் போகுது, கேசு வேணாம்." எழுந்து வெளியே நடந்தார். தம்பி பின்னாலேயே போனார்.

கணினியில் உட்கார்ந்திருந்த சுகன்யா மெல்லத் திரும்பினார். பதினொரு ஆண்டாக அதே நாற்காலியில் ஒப்பந்த ஊழியராக இருப்பவர். அதிகம் பேச மாட்டார்.

"சார், சிஸ்டத்துல பத்து இருவதுதான் சார் ஆகுது."

"நேத்து இதே சிஸ்டம் நாள் பூரா சர்வர் இல்லைன்னுச்சு. இன்னைக்கு அது மணி சொன்னா நான் கேக்கணுமா? அடுத்த டோக்கனக் கூப்பிடுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் அடுத்த பத்திரத்தைப் பிரித்தேன். இரண்டு வரி படித்திருப்பேன். சுகன்யா பொய் சொல்லக் காரணம் ஏதும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையை உயர்த்தி, கடிகாரத்தைக் காதில் வைத்தேன்.

நல்ல கடிகாரத்தின் ஒலி சீராக நடக்கிறவர் காலடி போல இருக்கும். இது நாய் துரத்த ஓடுகிறவன் காலடி போல இருந்தது. அந்த ஒலிக்கு ஒரே பொருள்தான். காந்தம் ஏறியிருக்கிறது. உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், கடிகாரம் தறிகெட்டு ஓடும். காலையில் கைபேசியைப் பார்த்து நேரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போகும்போது கடிகாரத்தை எங்கே வைத்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. மருமகன் வாங்கிக் கொடுத்த புளூடூத் ஸ்பீக்கரின் மேல். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கடிகார நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி எச்சரித்து நீளமாக எழுதியிருப்பவனே நான்தான்.

எழுந்து வெளியே ஓடினேன். சார்பதிவாளர் ஓடி அந்த வளாகம் பார்த்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் ரெய்டு என்று நினைத்து எழுந்துவிட்டார்கள்.

புங்கமரத்தடியில் கார் நின்றது. செந்தில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மல்லிகா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, உள்ள வாங்க. என் வாட்ச்சு தப்பு. இன்னும் பத்தரை ஆகல."

"நீங்கதான சார் பத்து முப்பத்தொன்னுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

டிரைவர் தன் கைபேசியை நீட்டினார். "அக்கா, பாருங்க, பத்து இருவத்துநாலு."

"ஒன் போனு ஸ்லோவா, அவரு வாட்ச்சு பாஸ்டான்னு நான் எதக் கண்டேன்? இம்புட்டு வருசமா ஆபீசரு கைமணிதான் கரெட்டுன்னு எல்லாரும் சொல்றீங்க. இப்ப அவசரத்துக்கு மாத்திச் சொல்றீங்க."

அந்தப் பெயரை உண்டாக்க முப்பது ஆண்டு பாடுபட்டிருக்கிறேன். அதை உடைக்க எனக்கு இருந்தது ஐந்து நிமிடம்.

"அம்மா, இது கெட்டுப்போச்சு" என்று கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "காதுல வச்சுக் கேளுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். காதில் வைக்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு தனியார் பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "புதுக்கோட்ட, புதுக்கோட்ட" என்று கத்தினார்.

மல்லிகா திரும்பிப் பார்த்தார். "ஏண்டா தம்பி, இது பத்து இருவத்தஞ்சு வண்டில்ல?"

"அதேதான்க்கா."

"அப்ப டைமு இருக்குடா. எறங்கு."

எங்கள் பக்கத்தில் தனியார் பஸ் ஸ்டாண்டை விட்டு ஒரு நிமிடம் தாமதமாக எடுத்தாலும், அடுத்த வண்டிக்காரன் வந்து சட்டையைப் பிடிப்பான். அரசு கெஸட்டைவிட உறுதியானது அது. மல்லிகா அந்த வண்டியில்தான் தினம் வேலைக்குப் போகிறவராம்.

மூவரும் உள்ளே ஓடினோம். செந்தில் கையெழுத்துப் போட்டார், ரேகை வைத்தார். மல்லிகா கையெழுத்துப் போட்டார். ரேகைதான் விழவில்லை. மண்ணும் செங்கல்லும் தின்ற விரல்கள். கருவி சிவப்பு விளக்கையே காட்டியது.

"துடச்சுட்டு வைங்கக்கா. அழுத்தாதீங்க. மெதுவா." சுகன்யா எழுந்து வந்து, தன் கைக்குட்டையால் அவருடைய விரலைத் துடைத்து, தானே பிடித்து வைத்தார். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. இடது கைக்கு மாற்றினார். பச்சை.

"எத்தன மணிம்மா?" என்று மல்லிகா கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"பத்து இருவத்தொம்போதுக்கா" என்றார் சுகன்யா.

செந்தில் அக்காவின் கையைப் பிடித்து ஒரு நொடி நின்றார். "வாரேன்க்கா. வீடு கட்டி போட்டோ அனுப்பு." கார் கிளம்பியது. பதிவு முடிந்த ஆவணத்துக்காக மல்லிகா வெளியே பெஞ்சில் காத்திருந்தார். என் கடிகாரத்தை மறக்காமல் திருப்பிக் கொடுத்தார். "ரிப்பேரு பாருங்க சார். நல்ல ஆளு கையில கெட்ட சாமான் இருக்கக் கூடாது" என்றார்.

4. பின்குறிப்பு

மறுநாள் புதுக்கோட்டையில் ஒரு கடிகாரக் கடைக்காரர் அதை ஒரு சின்னக் கருவியின் மேல் வைத்து, பொத்தானை அழுத்தி எடுத்தார். இரண்டு நொடி வேலை. காந்தம் இறங்கிவிட்டது. இன்றும் சரியாக ஓடுகிறது. ஓய்வுக்குப் பிறகு நான் எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் ஏழுக்கும் சாவி கொடுக்கிறேன். ஸ்பீக்கர் வேறு அறையில் இருக்கிறது.

இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லலாம். உங்கள் கைக்கடிகாரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பக்கத்து நாற்காலியிலிருந்து வேறு நேரம் சொன்னால், முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள். அன்று நான் வீணாக்கிய நிமிடங்கள் சர்வராலும் வரவில்லை, காந்தத்தாலும் வரவில்லை. சுகன்யாவுக்குச் சொன்ன பதிலால் வந்தவை.

திங்கட்கிழமை அறைக்குள் ஆட்கள் வருவதற்கு முன்பே அவரிடம் சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் பேசுனது தப்பு. இனிமே டைம் கேட்டா நீங்களே சொல்லுங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லிடறேன் சார். நீங்க வாட்ச்ச மட்டும் கழட்டிடாதீங்க. கைக்கு நல்லாருக்கு சார்."