வெற்று வவுச்சரில் ஒரு தேதி

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றபின், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கணக்குப் பார்க்கச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று வவுச்சரை நீட்டினார். "எல்லாரும் போடறதுதான் சார்" என்றார். ஊருக்கெல்லாம் விதி சொன்ன நான், படிக்க ஒன்றும் இல்லாததால் படிக்காமலே கையெழுத்திட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து விலகியபோது மூன்று மாதச் சம்பளம் பாக்கி. முதலாளியிடம் கேட்டேன்.

"பென்ஷன் வருதுல்ல, வயசான காலத்துல இன்னாத்துக்கு சார் அலைச்சல்?"

"அலையறதுக்குத்தான்பா பென்ஷன் குடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன்.

விசாரணையில் முதலாளி அதே வவுச்சரை எடுத்து வைத்தார். கடைசி மூன்று மாதச் சம்பளத்தையும் நான் பெற்றுக்கொண்டதாக அதில் புதிதாக எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையதேதான்.

பிறகுதான் ஸ்டாம்பின் ஓரத்தைப் பார்த்தேன். கையெழுத்தின் கீழே தேதி போடாமல் பேனாவை மூடுவது என் வழக்கமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் அங்கே பொடி எழுத்தில் இருந்தது. அதை என் கையெழுத்தின் வால் என்று முதலாளி நினைத்திருக்கிறார்.

அதிகாரியிடம் காட்டினேன். "சேந்த அன்னிக்கே கடைசி மூணு மாச சம்பளத்தையும் குடுத்துட்டீங்களா? நல்ல மனசுதான்" என்றார் முதலாளியிடம். அடுத்த வாரம் காசோலை வந்தது.

இப்போது வெற்றுத்தாளில் நான் கையெழுத்திடுவதில்லை. அதே கம்பெனியில் அப்படிக் கையெழுத்திட்டவர்கள் மூலக்குளத்தில் என் வீட்டுக்கு வருகிறார்கள். மனு எழுதிக் கொடுத்து, கூடவே போகிறேன். பென்ஷன்தான் வருகிறதே.