ரெண்டு தூணு வச்ச தாஜ்மஹால்

எங்க அக்கா வீட்டுக்காரரு சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல லேபிலுக்குப் படம் போடுறவரு. மயிலு, கப்பலு, புலின்னு என்னத்தக் கேட்டாலும் போடுவாரு. கப்பலையும் புலியையும் நேர்ல பாத்தது கெடையாது. புலிய எங்க வீட்டுப் பூனையப் பாத்துத்தான் போட்டாரு. மீசை மட்டும் அவரோடது. நானும் அதே ஆபீஸ்தான். எட்டாப்பப் பாதியில விட்டுட்டு, மிசினுக்குத் தாள் குடுக்கேன்.

போன மாசியில முதலாளி எங்க ரெண்டு பேரையும் ஆக்ராவுக்கு ரயிலேத்தி விட்டாரு. அங்கன ஒரு சேட்டு, தீவாளி மத்தாப்புப் பெட்டிக்குத் தாஜ்மஹால் லேபிலு கேட்டிருந்தாரு. மச்சான் போட்ட படத்தக் காட்டி ஆர்டர் வாங்கணும். எனக்கு இந்தி வரும்னு முதலாளிகிட்ட அளந்து வச்சிருந்தேன். தெரிஞ்சது மூணே வார்த்தை, அதுலயும் ஒண்ணு வசவு.

காலையில எறங்கி, கரிப்பொகை அப்புன மூஞ்சியோடயே சேட்டு கடைக்குப் போயி படத்த நீட்டுனோம். பாத்தாரு, சிரிச்சாரு. ரெண்டு வெரலக் காட்டித் தலைய ஆட்டுனாரு. அப்புறம் நாலு வெரலக் காட்டுனாரு.

தாஜ்மஹாலச் சுத்தி நாலு தூணு இருக்காம். மச்சான் ஒரு பழைய காலண்டரப் பாத்துப் போட்டவரு. அது ஓரத்த எவனோ கட்டிங் மிசின்ல கூடுதலா அறுத்துட்டான். மிச்சம் இருந்த ரெண்டு தூணப் போட்டுட்டு, காலி எடத்துல ரெண்டு தென்னமரத்த நட்டு வச்சிருந்தாரு.

"சாயங்காலத்துக்குள்ள சரியாக் கொண்டாங்க. இல்லன்னா ஆர்டரு வேற ஊருக்குப் போயிரும்னு சொல்றாரு" அப்படின்னாரு, கடையில இருந்த மெட்ராஸ் கணக்கப்பிள்ளை.

மச்சான் படத்த வாங்கிப் பையில போட்டாரு. ஆர்டர் இல்லாம வந்தா அவரப் படம் போடுற மேசையில இருந்து எழுப்பி, பசை தடவ விட்டுருவேன்னு முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருந்தாரு.

தாஜ்மஹாலையே நேர்ல பாத்துப் போட்டுருவோம்னு குதிர வண்டி பிடிச்சோம். வழியில பெரிய செவப்புக் கோட்டை.

"மச்சான், இதுலயும் என்னென்ன இருக்குன்னு நல்லாப் பாத்துக்கிடுங்க. நாளைக்கு எவனாவது வெரலக் காட்டுவான்."

"வாய மூடுலே."

தாஜ்மஹாலப் பாத்ததும் எனக்குக் கால் தரையில நிக்கல. அம்புட்டு வெள்ளை, கண்ணு கூசுது. செருப்பக் கையில தூக்கிட்டு ஓடுனேன். மச்சான் ஒரு ஓரமா உக்காந்து வரையுறதும் அழிக்கிறதுமா இருந்தாரு. லேபிலோ உள்ளங்கை அளவு. நாலு தூணையும் போட்டா நடுவுல உள்ள உருண்டக் கூரை கொண்டக்கடலை அளவு ஆயிருது.

"பசை தடவப் பழகிக்கிட வேண்டியதுதான் மாப்ள" அப்படின்னாரு.

அவரு அப்படிச் சொன்னதும் எனக்குக் கேலி வரல. வாசலுக்குப் போனேன். நாங்க நொழஞ்சு வந்த பெரிய செவப்பு வாசலு, உள்ள இருட்டு. பின்னால நகந்தா தாஜ்மஹாலு ஊதிக்கிட்டு வாசல அடைக்குது, தூணு எல்லாம் ஒளிஞ்சிக்கிடுது. முன்னால வந்தா தூணு எட்டிப் பாக்குது. பின்னால, முன்னாலன்னு நான் ஆடுனத அங்கன நின்னவுக சிரிச்சுப் பாத்தாக.

"மச்சான், ஓடி வாங்க! இங்கன நின்னு பாத்தா ஒரு தூணும் இல்ல!"

வந்து பாத்தாரு. எங்க ஊருல பார்டர் இல்லாம லேபிலு கெடையாது. இங்க வாசலே பார்டரா நிக்குது.

"வாசலுக்குச் செவப்பு, வானத்துக்கு நீலம். தாஜ்மஹாலுக்கு மையே வேண்டாம்லே, வெறும் தாள அப்படியே விட்டாப் போதும்"னு அங்கனயே உக்காந்து போட்டாரு.

சாயங்காலம் சேட்டு படத்தப் பாத்துட்டு மறுபடியும் நாலு வெரல நீட்டுனாரு. நான் கணக்கப்பிள்ளைகிட்ட, "சேட்டு இப்ப வாசலுக்குள்ள நிக்காரு. கொஞ்சம் முன்னால போனா நாலு தூணும் தெரியும்னு சொல்லுங்க" அப்படின்னேன். சேட்டு வயிறு குலுங்கச் சிரிச்சு, ஆர்டர் எழுதச் சொன்னாரு.

எழுதி முடிக்கும்போது என்னமோ கேட்டாரு. கணக்கப்பிள்ளை எங்களப் பாத்தாரு.

"அந்தத் தென்னமரம் ரெண்டும் எங்கன்னு கேக்காரு. அவருக்கு அது புடிச்சிருந்துச்சாம்."

மச்சான் மீசையத் தடவிக்கிட்டே பென்சில எடுத்தாரு. ஆக்ராவுல நான் பாத்த வரைக்கும் ஒரு தென்னமரம் கெடையாது. இந்தத் தீவாளிக்கு வாசலுக்கு ரெண்டு பக்கமும் மொளச்சிரும்.