வெள்ளிப் பெயிண்டுக்குக் கீழே

குவைத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தால், பெட்டி திறப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிடும். சித்தூரில் எங்கள் தெருவில் அப்படி நான்கைந்து வீடுகள் இருந்தன. என் வீட்டுக்காரர் ஐந்து வருடம் கழித்து லீவில் வந்தபோதும் கூடினார்கள். செண்ட் பாட்டில் வந்தது, போர்வை வந்தது, இரண்டு பை சாக்லேட் வந்தது. அதற்கடியில் ஒன்பது டப்பாக்கள்.

"இது இன்னா?" என்றேன்.

"பாலீஷ்மே. பழைய கார் பம்பருக்குப் போடறது."

"நம்மகிட்ட சைக்கிள் தான கீது?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சங்கிலி வரும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அங்கே டிரைவர் வேலை என்றுதான் கடிதத்தில் எழுதுவார். அன்றைக்குத்தான் உண்மை தெரிந்தது. ஒரு பணக்காரர் வீட்டில் பதினோரு பழைய அமெரிக்கக் கார்கள். அவற்றின் பம்பரையும் கிரில்லையும் ஓரப் பட்டைகளையும் தேய்த்துப் பளபளவென்று வைப்பதுதான் இவர் வேலை. ஐந்து வருடமும் அதே வேலை.

சோறு போடும்போது, கோபம் ஆறாமல்தான், சொன்னேன்: "எங்க ஃபேக்டரி ஷெட்டுலகூட ஒரு பழைய கார் கீது. அதும்மேல மாங்காக் கூடை அடுக்கிகினு இருப்போம்."

அப்போது நான் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சீசனுக்குச் சீசன் பழம் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் கை தட்டில் அப்படியே நின்றது. "நீளமா இருக்குமா? பின்னாடி ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி தூக்கிகினு?"

"ஆமா. அழுக்கு வெள்ளையா இன்னாவோ பூசி வெச்சிக்கீறாங்க."

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் இருவரும் ஃபேக்டரிக்குப் போனோம். அந்தக் காரைத் தேய்த்துத் தருகிறோம் என்றதை முதலாளி எங்களை அலுவலக வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுக்கொண்டார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நேராக ஓட்டி வந்த வண்டி. எஞ்சின் நன்றாக இருந்தது. மெக்கானிக் மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைப்பார். ஆனால் மழையில் துருப்பிடிக்கிறது என்று எந்த டிரைவரோ பம்பர், கிரில் என்று பளபளக்கிற பாகம் மொத்தத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்.

"ஏமய்யா, அதுங்கீழ இன்னா இருக்கப்போவுது? துருதான் இருக்கும்," என்றார் முதலாளி.

"ஒரு சாண் எடம் குடுங்க சார். தேச்சுக் காட்டறேன்."

தின்னரில் துணியை நனைத்துப் பின் பம்பரின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது. வழித்துவிட்டு, பாலீஷைத் தொட்டு இரண்டு நிமிடம் தேய்த்தார். பிறகு காய்ந்த துணியால் ஒரு துடைப்பு.

முதலாளியின் முகம் அதில் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி, நெற்றி நாமம் எல்லாம் தெரிந்தது. அவர் குனிந்தார், இன்னும் குனிந்தார். "அவுனா! இதி மன காரேனா?" என்றார். நம்ம கார்தானா என்று எங்களைக் கேட்கிறார்! பத்தாம் நாள் திருப்பதியில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்த வண்டியில்தான் வரவேண்டும் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் சாப்பாடு கொண்டுபோனவள்தான் நான். அவர் கை கழுவப் போன நேரத்தில் சும்மா ஒரு துணியை எடுத்து முன் கிரில்லில் ஒரு கம்பியைத் தேய்த்தேன். கறுப்பாக அழுக்கு வந்தது, மேலும் வந்தது, திடீரென்று அதற்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. அடுத்த கம்பியை விட மனசில்லை. அவர் வந்து பார்க்கையில் நான்காவது கம்பியில் இருந்தேன்.

"நீ துன்னியா?" என்றார்.

"அப்புறம் துன்றேன். இந்தப் பக்கம் நீ வராத."

அன்றிலிருந்து இருவரும் போனோம். ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று வெளிப்பட்டது. பானெட் முனையில் கட்டி கட்டியாக இருந்ததைப் பெயிண்ட் உறைந்தது என்று நினைத்திருந்தோம். வழித்தால், சிறகை விரித்த ஒரு பறவை! நான் கத்தியதில் பழம் வெட்டுகிற பெண்கள் எல்லாம் கத்தியோடு ஓடி வந்துவிட்டார்கள். துருப்புள்ளி இருந்த இடங்களுக்குச் சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவேண்டும் என்று அவர் காட்டினார். கீறல் விழாது, துரு மட்டும் போகும். அதனால் வீடு வீடாகச் சாக்லேட் கொடுத்தேன். தாளை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆறாம் நாள் ஒரு சங்கடம். இடது பக்கக் கதவுகளில் நீளமாக ஒரு பட்டை ஓடுகிறது. வலது பக்கம் பின்கதவில் பட்டை இல்லை, ஓட்டைகள் மட்டும் இருந்தன. ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கிடைக்கவில்லை. "முன்பல்லு போன மாதிரி கீது," என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாட்ச்மேன் வீடு ஷெட்டுக்குப் பின்னால். தண்ணீர் கேட்கப் போனேன். அவர் மனைவி சொம்பை நீட்டினாள். நான் வாங்கவில்லை. வாசலில் திரைச்சீலை தொங்கிய கம்பி உருண்டையாக இல்லை, தட்டையாக இருந்தது. வெள்ளிப் பெயிண்ட். பின்பக்கம் சின்னச் சின்னக் கொக்கிகள்.

"அக்கா! இது கார்து!"

"இன்னாடி கார்து? என் ஊட்டு ஸ்கிரீன்து. நாலு வருஷமா கீது."

கெஞ்சினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு ஓடி, நான் இன்னும் திறக்காத செண்ட் பாட்டிலையும் ஒரு மூங்கில் கழியையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "கழட்டிக்க," என்றாள். பட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்த வேகத்தில் பாலீஷ் டப்பா உருண்டது. கதவில் வைத்து அழுத்தினோம். கொக்கி ஒவ்வொன்றாக 'டக் டக்' என்று உட்கார்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் என்னைத் தூக்கிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் டிரைவர் ஓட்ட, நாங்கள் பின்சீட்டில் துணியும் டப்பாவுமாகத் திருப்பதிக்குப் புறப்பட்டோம். வழியில் தூசி படிந்தால் துடைக்கவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். பாகாலா தாண்டி டீக்கு நிறுத்தினோம். திருமலைக்குப் போகிற மூன்று வேன் ஜனம் இறங்கி வந்து சுற்றிக்கொண்டது. பம்பரில் முகம் பார்த்து ஒருத்தி பொட்டைச் சரிசெய்தாள். திருப்பதியில் மாப்பிள்ளையைப் பின்சீட்டில் ஏற்றி, நாங்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். மண்டப வாசலில் புது மாடல் கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் வண்டி திரும்பியதும் மேளக்காரர்களே ஒரு நொடி வாசிப்பை விட்டுப் பார்த்தார்கள். வெயில் பட்டு அந்தப் பறவை கண்ணைக் கூச வைத்தது.

யார் செய்தது என்று ஒரு பல் டாக்டர் வந்து கேட்டார். திருப்பதிக்காரர், அவர் வீட்டிலும் தாத்தா காலத்துக் கார் ஒன்று இருந்ததாம். என் வீட்டுக்காரர் என் பக்கம் கையைக் காட்டி, "கிரில்லு, பறவை ரெண்டும் இவதான்," என்றார். டாக்டர் எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டார்.

டாக்டர் கூப்பிட்டு அனுப்புவதற்குள் லீவு முடிந்துவிட்டது. விசா இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இவர் விமானம் ஏறிவிட்டார். கிளம்பும்போது, மீதி இருந்த நான்கு டப்பாவை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "வெச்சிக்கோ," என்றார், அவ்வளவுதான். நான் அழுதேன், அதுவும் உண்மை. ஆனால் டாக்டர் வீட்டு ஆள் வந்து நின்ற மறுநாளே, டப்பாக்களையும் பழைய பனியன் துணிகளையும் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன்.

கேட்டைத் திறந்த டாக்டர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "மீ ஆயன ராலேதா அம்மா?" உங்க வீட்டுக்காரர் வரவில்லையா என்கிறார்.

"அவுரு குவைத்துல கீறாரு சார்," என்றேன். "தண்ணிக் கொழா எந்தப் பக்கம்?"