ஐம்பதாயிரம் அடித் தண்ணீர்

எழுபதுகளில் ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ என் பொறுப்பில் இருந்தது. திருகுவதும் அணைப்பதும்தான் வேலை. நடந்துகொண்டதென்னவோ கலெக்டர் மாதிரி. இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி. ஒரு கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய், தலைவர் வீட்டைப் பார்த்தபடி. அவர் உத்தரவு அப்படி.

கோடையில் மேட்டூர் அணைத் தண்ணீர் பின்வாங்கியதும் வெளியே தெரியும் வண்டல் நிலத்தில் ஊரார் ராகி போடுவார்கள். அந்த வருடம் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. என் மனைவியும் கீழேதான் இருந்தாள். மதியச் செய்தியில், மேலே அணைகளைத் திறந்துவிட்டார்கள், காவிரியில் வினாடிக்கு ஐம்பதாயிரம் கன அடி வருகிறது, தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மேடேற வேண்டும் என்றார்கள். பாதி அறுத்த வயலை விட்டு எமனே கூப்பிட்டாலும் அவள் வரமாட்டாள். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால், கீழே ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மூலையில் இருந்தது.

அறிவிப்பை மறுபடியும் வாசிப்போம் என்றிருந்தார்கள். ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினேன். கட்டுக்கம்பியைத் தளர்த்திக் குழாயை ஆற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். காதருகே அது அலறியதில் இரண்டு நாள் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சரிவில் ஆட்கள் ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் என் மனைவி, அரிவாளைக்கூட விட்டுவிட்டு, வெறுங்கையோடு. ஏணியடியில் நின்று சத்தம் போட்டாள்.

"ஐம்பதாயிரம் அடித் தண்ணி வருதாமே. மலையே முழுகிப் போயிருமுங்க. நீங்க என்னமோ கம்பத்துல ஏறி நிக்கறீங்க. எறங்குங்க, தொப்பூர் மலைக்காச்சும் ஓடிரலாம்."

'கன' என்பது அவள் காதில் ஏறவே இல்லை. விளக்கம் சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டேன். உயிரோடு நின்று திட்டுகிறாளே, அது போதும் என்றிருந்தது.

பொழுது சாய்வதற்குள் எங்கள் வயல் தண்ணீருக்குள் போய்விட்டது. கீழே ஒருவர்கூட இல்லை. தலைவரும் குழாயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு ஆள் ஒசரங்கூட இல்லீங்களே," என்றாள் அவள். "ஓரத்துல ரெண்டு கட்டு இன்னும் நனையாமக் கெடக்குது. ஓடிப் போயி எடுத்தாந்துரட்டுங்களா?"

"மீதித் தண்ணி பின்னால வருது," என்று சொல்லி, ஊர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.