திருக மறந்த ஃபிலிம்

“ஆன்ட்டி, இன்னொரு தடவ நில்லுங்க” என்று இன்று நான் சொல்லவில்லை.

ஜமீலா ஆன்ட்டியின் துணிக்கடை நாளை சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து தோ பாயோ வட்டாரத்துக்கு மாறுகிறது. கடை வாசலில் படமெடுக்க அவர் என்றுமே சம்மதித்ததில்லை. இன்று என் பழைய மடிப்புக் கேமராவைப் பார்த்ததும் மனம் மாறினார்.

“இதுலயே எடு. போன்ல எடுத்தா உங்க அங்கிள் குரூப்புல போட்டுருவாரு. ஒரு தடவதான் லா.”

முதலில் அங்கிளை எடுத்தேன். பிறகு அதே வாசலில் ஆன்ட்டியை.

இந்தக் கேமராவில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபிலிமைக் கையால் திருக வேண்டும். வேலை முடிந்து வந்த களைப்பில் மறந்துவிட்டேன். கேமராவின் பின்பக்கச் சிவப்புச் சன்னலில் தெரியும் பட எண் மாறவே இல்லை. இரண்டு படமும் ஒன்றின்மேல் ஒன்று. ஆன்ட்டியின் முகத்தில் அங்கிளின் தாடி இருக்கும்.

“நல்லா வந்துச்சா?”

“கழுவினாதான் தெரியும், ஆன்ட்டி.”

அவர்கள் கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு, டாக்சியில் ஏறிப் போனார்கள்.