முஸப்பஹ் கையில் வாங்கிய சாவி

ஒமான் எல்லையிலுள்ள எங்கள் புரைமிக் கிளையில் முஸப்பஹுக்கு 'அரைநாள் மாப்பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

எங்களுடையது வட்டி வாங்காத வங்கி. லாரி வேண்டும் என்று வந்தால் பணத்தை எண்ணிக் கொடுக்கமாட்டோம். லாரியை நாங்களே வாங்கி, லாபம் வைத்து, தவணைக்கு விற்போம். ஆனால் விற்பதற்கு முன்னால் அது நிஜமாகவே எங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கை முஸப்பஹின் கை. கடைக்குப் போவார், வண்டியின் அடியில் குனிந்து சேஸிஸ் எண்ணை உரக்கப் படிப்பார், சாவியை வலது உள்ளங்கையில் வாங்குவார். "இப்ப இது வங்கியோடது. எரிஞ்சாலும் கவுந்தாலும் வங்கிக்குத்தான் நஷ்டம்" என்று கடைக்காரனிடம் சொல்வார். பிறகு வண்டியை எங்கள் பின்கட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். இப்படி அவர் கையில் அரைநாள் போன பிறகுதான் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடலாம்.

எனக்கு இதெல்லாம் கூத்தாக இருந்தது. நான் வேலிக்கு அந்தப் பக்கம், எமிரேட்ஸின் அல் ஐனில், பதினான்கு வருஷம் இதே வேலை பார்த்தவன். அங்கே வாடிக்கையாளர் பேருக்கு எங்கோ ஒரு கிடங்கில் கிடக்கும் அலுமினியத்தை வாங்குவோம், அவருக்காக அதை வேறொருவனுக்கு விற்போம், ரொக்கம் அவர் கணக்கில் விழுந்துவிடும். எல்லாம் போனில். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த அலுமினியத்தை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒமானிலோ அந்த முறையே கூடாது என்று வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு கம்பி வேலிதான். அந்தப் பக்கம் ஆகும், இந்தப் பக்கம் ஆகாதா?" என்று சீண்டுவேன்.

"அங்க இருக்கிற ஆலிம்களும் மார்க்கம் படிச்சவங்கதான் ஹாரிபு. அவங்களைக் குத்தம் சொல்ல நான் யாரு? ஆனா நீ இப்ப சம்பளம் வாங்குறது இந்தப் பக்கம்" என்று சிரிப்பார்.

அந்த டிசம்பரில் ஷம்ஸா வந்தாள். கணவனுக்கு முதுகெலும்பு முறிந்து படுக்கை. தொழிலாளர் முகாம் ஒன்றுக்குத் தண்ணீர் சப்ளை பண்ணும் ஒப்பந்தம் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஞாயிறு காலை தண்ணீர் லாரி நிற்காவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். பதினாலாயிரம் ரியால் லாரி, ஸுஹாரில் கடைக்காரரிடம் இருந்தது. வியாழக்கிழமை காலையிலேயே முஸப்பஹ் மலையைத் தாண்டி அதைக் கொண்டுவரக் கிளம்பிவிட்டார்.

ஷம்ஸா பத்து மணிக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "தம்பி, அவருக்கு மருந்து குடுக்கணும், வீட்டுல ஆள் இல்ல. இன்னிக்கு முடிஞ்சிருமா?"

எனக்கும் வாரக்கடைசி அவசரம். முஸப்பஹுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பத்து மணிக்கு வாங்கியாச்சுன்னு எழுதிக்கட்டுமா?"

"நான் இன்னும் கடைக்கே போய்ச் சேரல. பாக்காத சாவியை வாங்கிட்டேன்னு எப்படிய்யா எழுதுவ? அந்தம்மாவைச் சாயந்தரம் வரச் சொல்லு."

"சரியான பட்டிக்காட்டு ஆளுண்ணே நீங்க!" என்று வைத்துவிட்டேன். அவர் மேசை இழுப்பறையில் முத்திரை இருந்தது. பத்து மணிக்குச் சாவி வாங்கியதாக எழுதி, அதை எடுத்துக் குத்தினேன். பக்கத்தில் அவர் கையெழுத்தைக் கிறுக்கினேன். ஷம்ஸா பதினோரு மணிக்கு விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். "உங்க வேகம் யாருக்கும் வராது தம்பி" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மலையில் மழை. திரும்பும் வழியில் ஜிஸ்ஸி ஓடையில் வெள்ளம் வந்து முஸப்பஹ் ஓட்டிவந்த லாரியை உருட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் கதவைத் திறந்து குதித்ததில் உயிர் தப்பினார். வலது கை மூன்று இடத்தில் முறிந்தது.

காகிதப்படி அந்த லாரி பதினோரு மணிக்கே ஷம்ஸாவுடையது. பெயர் மாற்றாத வண்டிக்குக் காப்புறுதியும் கிடையாது. வெள்ளத்தில் போன லாரிக்கு ஐந்து வருஷம் அவள் தவணை கட்டவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பேரீச்சம்பழத்தோடு அவள் வந்தாள். "அண்ணன் உயிரோட இருக்காரே, அது போதும். வளையலை வித்துக் கட்டிக்கிறேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரரின் வாசல் பதிவேட்டில் லாரி வெளியேறிய நேரம் ஒன்று இருபது என்று இருந்தது. எங்கள் காகிதத்தில் பத்து மணி. மஸ்கட்டிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். முஸப்பஹின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தை நீட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

முஸப்பஹ் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னுது இல்ல. நான் சாவி வாங்கினது ஒன்னேகாலுக்கு. வெள்ளம் அடிச்சிட்டுப் போனது வங்கியோட லாரி, அந்தம்மாவோடது இல்ல."

"அப்ப யார் போட்டது?"

"தெரியாதுங்க. முத்திரையைப் பூட்டாம வச்சது என் தப்பு."

தெரியாதாம்! அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. பத்திரம் செல்லாது என்று எழுதி, நஷ்டத்தை வங்கி ஏற்றுக்கொண்டது. ஷம்ஸா தப்பினாள். முத்திரையைக் கவனமில்லாமல் விட்டுவைத்ததற்காக முஸப்பஹை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய வேலையையும் சேர்த்து எனக்குக் கொடுத்தார்கள், படி உயர்வோடு. வெட்கங்கெட்டவன், வாங்கிக்கொண்டேன்.

முகாம்காரர்கள் ஷம்ஸாவுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஜனவரியில் வேறு லாரி ஏற்பாடாயிற்று. கடைக்காரனின் ஆளே அதை ஓட்டி வந்து காலை எட்டு மணிக்கு வங்கி வாசலில் நிறுத்தினான். குளிருக்குப் பயந்து நான் ஜன்னல் வழியாகவே பார்த்து, சாவியைத் தொடாமலே முத்திரை குத்தினேன்.

அன்று சாயங்காலம் முஸப்பஹ் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் இடது கையால் தடுமாறிக் காப்பி ஊற்றினார். கேட்காமலே குவளையை வாங்கிக்கொண்டேன்.

"அந்தம்மாவுக்கு லாரி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. இன்னிக்குத்தான்."

"சாவியைக் கையில வாங்கினியா?"

"வாங்கினேண்ணே."

"வெயில்ல கெடந்து சூடா இருந்திருக்குமே?"

"ஆமாண்ணே, நல்ல சூடு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் தோளில் கிடந்த கம்பளிச் சால்வை நினைவுக்கு வந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் குவளையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.