கைக்குட்டையில் ஒரு பித்தளைக் குழாய்

கிள்ளானிலிருந்து திரும்பும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் காதில் கடுக்கன், நரை தட்டிய மீசை. ஒவ்வொரு ஸ்டேசனிலும் மடியிலிருந்த கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, மறுபடி கட்டிக்கொண்டார். உள்ளே ஒரு பித்தளைக் குழாய். அதே மாதிரிக் குழாயைத் தேடித்தான் நான் கிள்ளான் கடைகளெல்லாம் அலைந்துவிட்டு, வெறுங்கையோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வெந்நீர் பாய்லர் பழைய சீமைச் சரக்கு; அதன் திருகு மரைக்கு வேறெந்தக் குழாயும் சேரவில்லை.

“எனக்குத் தர்றீங்களா அண்ணே?”

“எப்படித் தம்பி? என்கிட்டயும் அதே பாய்லர்தான். அடி ஓட்டையாப் போச்சு. எந்த பாய்லர்னு இதக் காட்டித்தான் அடித்தகடு தேடுறேன். இதையும் குடுத்துட்டா அப்புறம் அது பாய்லரே இல்ல.”

நியாயம்தான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கோலாலம்பூரில் நான் இறங்க எழுந்தபோது, “வீட்ல யாருக்கு வெந்நீர்?” என்றார்.

“சம்சாரம் பிள்ளை பெத்திருக்கா அண்ணே.”

முடிச்சோடு அப்படியே என் கையில் வைத்தார். “எனக்கு அடி கிடைச்சதும் வந்து வாங்கிக்கிறேன்.” வண்டி அவரைக் காஜாங் பக்கம் கொண்டுபோயிற்று.

வீட்டில் குழாய் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆவி பறக்க வாளி நிறைவதைப் பார்த்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர், என் வீடு எங்கே என்று கேட்கவே இல்லை.